மோட்டாருக்கு ஒரு டேபிள் ஃபேன்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. இரும்பை உருக்கி வார்க்கிற அந்தப் பவுண்டரியில் அவன் எல்லோருக்கும் நிதானம்தான். நிதானத்தைக் கூப்பிடு, நிதானம் சாப்பிடப் போயிருக்கு, நிதானம் வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் எதையும் தொடாதே. பாராட்டி வைத்த பெயர் என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஃபியூஸ் போனால் ஓடிவந்து மாட்டிவிட்டு ஓடுகிற எலக்ட்ரீஷியனைத்தான் உலகத்துக்குப் பிடிக்கும். இவனோ கருகின ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஏன் போனது என்று யோசித்தபடி நிற்பான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு அதற்குள் பாதி ஆயுள் போய்விடும்.

அவனுடைய மனைவியை அங்கே மேலக்கா என்பார்கள். அவள் மேலே இருந்தாள், அவ்வளவுதான் காரணம். பவுண்டரிக் கூரைக்குச் சற்றுக் கீழே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓர் இரும்புப் பாலம் ஓடும். அதுதான் கிரேன். அதன் ஓரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு, கேபின் என்பார்கள், அவளுடைய இடம். கீழே கறுப்பு மணல் அடைத்த அச்சுப்பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும். மேல்பாதியைக் கொக்கியில் தூக்கி, நகர்த்தி, கீழ்ப்பாதியின்மேல் உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் மணல் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் வார்ப்பு வீண். மேலக்கா இறக்கினால், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இருக்கும். கீழே நிற்கிற முரடர்களே அதை ஒத்துக்கொள்வார்கள், அவள் காதில் விழாத நேரமாகப் பார்த்து.

கல்யாணத்துக்கு முன்பே அவள் கேபினில் இருந்தாள். இவன் அப்போது புதிதாகச் சேர்ந்த எலக்ட்ரீஷியன். அந்த வருஷம் அந்தக் கிரேனுக்கு வந்த பழுது அதன் ஆயுளிலேயே வந்ததில்லை. விளக்கு சரியாக எரியவில்லை என்று ஏறினான். மணி சரியாக அடிக்கவில்லை என்று ஏறினான். ஒன்றுமே இல்லாதபோது, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏறினான். கடைசியில் அவளே, "இன்னும் எத்தனை தடவை ஏணி ஏறப் போறீங்க? வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க," என்றாள். இவன் அதற்கும் கொஞ்ச நாள் யோசித்தான்.

அந்த அப்பா இப்போது அவர்களோடுதான் இருக்கிறார். இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில், ஜன்னலோரக் கட்டில் மாமனாருடையது. மகளுக்குக் குழந்தை இல்லை என்ற குறையை அவர் அதிகம் பேசியதில்லை. அவருடைய பெருமை வேறு. தெருவில் யார் அகப்பட்டாலும் நிறுத்தி, "எம்பொண்ணு காலுக்குக் கீழதான் அந்த பேக்டரியே இருக்கு, தெரியும்ல?" என்பார். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே காது புளித்துப்போயிருந்தது.

கிரேனுக்கு டிரைவ் வந்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கேபினில் நெம்பு என்கிற கைப்பிடியைத் தள்ளினால் தடாலென்று தூக்கும், விட்டால் தடாலென்று நிற்கும். பாலமே அதிரும். டிரைவ் என்பது பாலத்தின்மேல் நிற்கிற ஆள் உயர இரும்பு அலமாரி. மோட்டாருக்குப் போகிற கரண்ட்டை வேண்டிய வேகத்துக்கு ஏற்றபடி அளந்து அனுப்பும். அதிர்வு போய்விட்டது, ஓட்டம் எண்ணெய் விட்ட மாதிரி ஆகிவிட்டது. நிதானத்துக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே வந்த தடிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அவள் அதை எடுத்து அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு சங்கடம். நெம்பைத் தள்ளினால் கிரேன் உடனே தூக்காது. ஒரு கணம் நிற்கும். மேலே மோட்டார் ங்ங்ங் என்று முனகும், பிறகு பிரேக் திறக்கும் சத்தம் டக்கென்று கேட்கும், அதற்குப் பிறகுதான் கொக்கி அசையும். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நிதானம் விளக்கம் சொன்னான். இந்த மாதிரி மோட்டாருக்குள் சொந்தமாகக் காந்தம் கிடையாது. கரண்ட் போய்த்தான் உள்ளே காந்தம் உண்டாக வேண்டும். அது சுவிட்சைப் போட்டதும் எரிகிற விளக்கு மாதிரி வராது, அடுப்பில் வைத்த தண்ணீர் மாதிரி ஏறும். பெரிய பானைக்கு அதிக நேரம். காந்தம் நிறைவதற்குள் பிரேக்கைத் திறந்துவிட்டால் பாரத்தைப் பிடிக்க ஆளில்லை, பெட்டி முதலில் ஒரு சாண் இறங்கிவிட்டு அப்புறம்தான் ஏறும். கேட்டவர்கள் பாதியிலேயே கம்பி நீட்டிவிட்டார்கள்.

டிரைவ் மாட்ட வந்தவர்கள் அந்தக் காத்திருப்பைக் குறைத்துத்தான் வைத்துவிட்டுப் போனார்கள். முதல் நாளே ஒரு பெட்டி சாண் இறங்கி, கீழே இருந்த அச்சின் விளிம்பை உடைத்தது. நல்லவேளை, யாருடைய கையும் அங்கே இல்லை. நிதானம்தான் நேரத்தைக் கூட்டி வைத்தான். அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் இறங்கவில்லை. அவன் செய்தது சரி. சரியானதைச் செய்தால் நன்றி கிடைக்கும் என்று அந்த வயதிலும் அவன் நம்பிக்கொண்டிருந்தான் பாருங்கள், அதை என்னவென்று சொல்வது.

ஒரு கணம் என்பது கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அச்சுப்பெட்டியை மூடுவது ஒரே தூக்கில் முடிகிற வேலையா? கொஞ்சம் ஏற்று, நிறுத்து, கொஞ்சம் இறக்கு, நிறுத்து, மயிரிழை ஏற்று. நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற காந்தம் கரைந்துவிடும். திரும்ப நெம்பைத் தொட்டால் திரும்ப முனகல். ஒரு பெட்டிக்கே அத்தனை காத்திருப்பு என்றால் நாள் முழுக்க எவ்வளவு? கீழே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கத்துவார்கள். "என்னக்கா, தூங்கிட்டியா?" மேஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போவார். "வீட்டுக்காரன் நிதானம் பொண்டாட்டிக்கும் ஒட்டிக்கிச்சுடா!" சிரிப்பு கூரைவரைக்கும் போகும். கூண்டில் இருக்கிறவளுக்கு எல்லாம் துல்லியமாகக் கேட்கும்.

பக்கத்துக் கொட்டகையில் கேபினைக் கழற்றிவிட்டு ரிமோட் மாட்டியிருந்தார்கள். வயிற்றில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு, கீழே நடந்தபடியே ஒருவன் கிரேனை ஓட்டுவான். பாரம் பிடிக்கிறவனும் அவனே, ஓட்டுகிறவனும் அவனே. ஓர் ஆள் மிச்சம். மானேஜர் ஒரு நாள் மேலக்காவைக் கீழே அழைத்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "இங்க பாரும்மா, வேலை முன்ன மாதிரி நடக்கலன்னு மேலிடத்துல கேக்கறாங்க. ஒரு மாசம் பாப்போம். பழைய அளவு தூக்கிக் காட்டிட்டா கேபின் இருக்கும். இல்லைன்னா ரிமோட்தான், நான் ஒண்ணும் செய்ய முடியாது." மறுநாளிலிருந்து மேஸ்திரி தூணில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார், ஒரு பெட்டிக்கு ஒரு கோடு.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, முகம்கூடக் கழுவாமல் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"அந்தக் காத்திருப்பை எடுத்துருங்க."

"எடுத்தா பெட்டி இறங்கும். எவன் கையாவது மாட்டும்."

"அப்ப குறைச்சாவது வைங்க."

"குறைச்சாலும் இறங்கும். காந்தம் ஏறணும்ல?"

"உங்க மோட்டாருக்கு வக்காலத்து வாங்கினது போதும். எனக்கு யாராவது வாங்குவாங்களா?" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னால இருந்து அந்த இடத்துல உக்காந்திருக்கேன். என்னை இறக்கி விட்டா நான் என்ன ஆவேன்? மணல்ல உருட்டி எடுப்பாங்க. மேல இருக்கும்போது நான் ஒரு ஆளு. கீழ நான் யாரு?"

மாமனார் கட்டிலிலிருந்து, "யாரு யாரை இறக்கறது? இறக்கிருவாங்களா?" என்று சத்தம் போட்டார். அவருக்குப் பாதிதான் காதில் விழும். அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

நிதானம் அரிசி டப்பாவின் மேலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வழி அதிலேயே இருந்தது. கிரேன் நின்ற பிறகு கரண்ட்டை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. பிரேக் மூடிப் பாரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மோட்டார் சுற்றாமல் நிற்கட்டும், ஆனால் காந்தத்துக்கு வேண்டிய கரண்ட்டை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கலாம். உள்ளே காந்தம் கரையாது. நெம்பைத் தொட்டதும் பிரேக் திறக்கும், கொக்கி ஏறும். பெட்டி இறங்காது, காத்திருப்பும் கிடையாது. மறுநாளே வைத்துப் பார்த்தான். நெம்பைத் தள்ளினதும் பெட்டி எழுந்தது. மேலே கண்ணாடிக்குள் அவள் முகம் மாறினதைக் கீழே நின்றே பார்த்தான்.

முதலில் நின்ற பிறகு கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் கரண்ட் இருக்கும்படி வைத்திருந்தான். அவள் போதாது என்றாள். கீழே பெட்டியைக் கொக்கியில் மாட்டக் கட்டுக்கம்பி கட்டுகிற நேரம் நீண்டுவிடுகிறது, திரும்பத் தொடும்போது முனகல் வந்துவிடுகிறது என்றாள். கூட்டினான். இன்னும் கொஞ்சம் என்றாள். கடைசியில் காலையில் கிரேனுக்கு உயிர் கொடுத்ததிலிருந்து சாயங்காலம் அணைக்கிற வரைக்கும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்படி வைத்துவிட்டான்.

அதில் உள்ள வில்லங்கம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. சுற்றாமல் நிற்கிற மோட்டாருக்குள் கரண்ட் போனால் அது சூடாகும். மோட்டாரைக் குளிர வைக்கிற விசிறி அதன் அச்சிலேயே மாட்டியிருப்பது. மோட்டார் நின்றால் விசிறியும் நின்றுவிடும். சூடாகும்போதுதான் காற்று இல்லை. மோட்டார் இருக்கிற இடமோ கூரைத் தகரத்துக்கு அடியில், கீழே உலை. சூடு ஏறினால் எச்சரிக்கிற ஒயர் ஒன்று மோட்டாருக்குள்ளே உண்டு. அது எந்தக் காலத்திலோ அறுந்துபோய், யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்துவிட்டிருந்தான். ஆகவே உள்ளே தீப்பிடித்தாலும் அது குளுகுளு என்றுதான் சொல்லும். தனியாகச் சுற்றுகிற விசிறி ஒன்று வேண்டும் என்று ஸ்டோரில் கேட்டான். பார்க்கலாம் என்றார்கள். ஸ்டோரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. பழையது, கனமானது, தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றும். ஒரு நாள் காலையில் நிதானம் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனான். கிரேன் பாலத்தின்மேல் மோட்டாருக்கு எதிரே கம்பி போட்டுக் கட்டினான். தலையாட்டுவதை நிறுத்த அதன் பின்பக்கத்துக் குமிழை இழுத்துவிட்டான். கேபினில் ஒரு பிளக் இருந்தது, ஒயரை அங்கே இழுத்தான். அத்தனை டன் தூக்குகிற மோட்டார், மாமனாருடைய ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தது. கூட இருந்து பார்த்த அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது. அந்த ஒரு சிரிப்புக்கே இன்னும் பத்து ஃபேனைக் கட்டியிருப்பான்.

"ஃபேன் எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமனார்.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கு மாமா."

"நல்லாத்தானே ஓடிச்சு?"

"நல்லா ஓடறப்பவே பாத்துரணும் மாமா."

அவர் விசிறிக்கொள்ள ஒரு அட்டையைத் தேடிக்கொண்டார். எதற்கும் அவசரப்படாத மாப்பிள்ளை முன்கூட்டியே ஒரு காரியம் செய்திருக்கிறார் என்று அவருக்கு ஆச்சரியம்தான்.

அடுத்து வந்த நாட்களைப்போல நல்ல நாட்கள் அவர்களுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தூணில் கோடுகள் நெருங்கி நெருங்கி விழுந்தன. மேஸ்திரிக்குச் சாக்பீஸ் கரைந்தது. கீழே நிற்கிறவர்களுக்குக் கம்பி மாட்டக் கை போதவில்லை. கொக்கி வந்து தலைக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது. மேலக்கா மணியை அடித்து, "என்னப்பா, எல்லாரும் தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். பழைய அளவைத் தொட்டாள், தாண்டினாள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடக்கும்போது அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். இன்றைக்கு எந்தப் பெட்டியை எப்படி உட்கார வைத்தாள், எவன் வாயைப் பிளந்தான், எவன் வாயை மூடினான். நிதானம் தலையாட்டிக்கொண்டே நடந்தான். இனிமேல் கேபினை யாராலும் அசைக்க முடியாது என்று இருவருமே நம்பினார்கள்.

மாசம் முடிகிற தறுவாயில், ஒரு மத்தியானம் மோட்டார் எரிந்தது.

பவுண்டரியில் பறக்கிற கறுப்புத் தூசி எதையும் விடாது. டேபிள் ஃபேனின் அச்சில் அது கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து இறுகி, எந்த நேரத்திலோ ஃபேன் நின்றுபோயிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு டேபிள் ஃபேன் நின்றது யாருக்குக் கேட்கும்? கேபினிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். தினமும் காலையில் ஏறிப் பார்க்கிற நிதானம் அன்றைக்கும் பார்த்தான், அப்போது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முதலில் மோட்டார்க் கம்பியில் பூசிய வார்னிஷ் கருகுகிற நாற்றம் வந்தது. பிறகு கூரைக்குக் கீழே வெள்ளையாகப் புகை. டிரைவ் தானாக நின்றது, பிரேக் இறுகியது, அச்சுப்பெட்டியின் மேல்பாதி அந்தரத்தில் தொங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. அதை மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

எலக்ட்ரீஷியன் என்பதால் முதலில் மேலே ஏறினவன் அவன்தான். மோட்டாரைத் தொட முடியவில்லை. எதிரே ஃபேன், முகம் கறுத்து, அசையாமல் நின்றது. கீழே மானேஜரின் குரல் கேட்டது. கம்பியை அறுத்தான், ஒயரைச் சுருட்டினான், ஃபேனைச் சாக்கில் போட்டுக் கட்டினான். பிறகு அலமாரிக்குப் போய், நின்ற பிறகும் கரண்ட் விடுகிற ஏற்பாட்டை எடுத்துவிட்டு, பழைய காத்திருப்பையே வைத்தான். ஒரு காரியத்துக்கு நாள் கணக்கில் யோசிக்கிற மனுஷன், இவ்வளவையும் மானேஜர் பாதி ஏணி ஏறுவதற்குள் செய்து முடித்துவிட்டான். பயம் வந்தால் நிதானம் எங்கே போகும் என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து வந்தவர் மோட்டாரைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், இவ்வளவு கோடா என்று கேட்டார். ஓயாமல் தட்டித் தட்டித் தூக்கியிருக்கிறார்கள், ஓய்வே கொடுக்காமல் ஓட்டியிருக்கிறார்கள், அதனால் எரிந்தது, ஓட்டினவர் பொறுப்பு என்று முடித்துவிட்டார். சாக்பீஸ் கோடுகள்தான் சாட்சி. அவளுடைய கெட்டிக்காரத்தனமே அவளுக்கு எதிராகத் தூணில் நின்றது.

அன்று அவன் மானேஜரிடம் போய்ச் சொல்லத்தான் கிளம்பினான். பவுண்டரி வாசலுக்கு உள்ளேயே அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போறீங்க?"

"நான்தான் வச்சேன்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

"சொன்னா என்ன ஆகும்? என்னை மேல ஏத்திருவாங்களா? உங்களையும் வெளிய அனுப்புவாங்க. அப்பாவை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் தெருவுல நிக்கவா?" என்றாள். "கேட்டது நான். நீங்க செஞ்சீங்க. பேசாம வாங்க."

அவன் பேசாமல் வந்தான். பேசாமல் வருவது அவனுக்குப் பழக்கமான காரியம்தான். ஆனால் அன்று வந்த மாதிரி அவன் என்றைக்கும் வந்ததில்லை.

மோட்டாருக்குள் எரிந்த கம்பிச் சுற்றைப் புதிதாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். கிரேனுக்கு ரிமோட் மாட்டினார்கள். மாட்டினவன் யாரென்று சொல்ல வேண்டுமா? கேபினுக்குப் போகிற ஒயர்களை ஒவ்வொன்றாக அவன் கையாலேயே கழற்றினான். மேலக்காவைக் கீழே மணல் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். பசை கலந்த மணலைக் கையால் பிசைந்து, சின்னச் சின்ன மர அச்சுகளில் அடைத்துத் தட்டி எடுக்கிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். கொஞ்ச நாளில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மேலக்கா என்று கூப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை, அதுதான் கொடுமை. "மேலக்கா, கீழ குனிஞ்சு அதை எடு" என்பார்கள். கேலி செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, வாய்ப்பழக்கம்.

ரிமோட்காரன் பொத்தானை அழுத்துவான். மோட்டார் ஒரு கணம் முனகும். பிறகு டக். பிறகு பெட்டி எழும். கூட நிற்கிறவர்கள் பெட்டியைப் பிடித்தபடி பேசிக்கொண்டு நிற்பார்கள். கத்துகிறவர் யாருமில்லை, மேஸ்திரி கோடு போடுவதும் இல்லை. மணல் மேசையில் அவள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அவள் பேச்சு குறைந்துபோனது. கோபம் இல்லை. கோபமாக இருந்தால் ஏதாவது ஒரு நாள் தீரும் என்று இருக்கலாம். சோறு போடுவாள், துணி மடிப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரே ஒரு பேச்சுதான் அவளாக எடுப்பாள். "நாமளே கெடுத்துக்கிட்டோம்," என்பாள். "கொஞ்சம் பொறுத்திருந்தா அந்த இடம் இருந்திருக்கும். நான்தான் இன்னும் இன்னும்னு கேட்டேன்." மாமனாரோ கழுவித் துடைத்துக் கொண்டுவந்த ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்னும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பின ஒரு நாள், நிதானத்துக்குப் பொறுக்கவில்லை. நேராக மானேஜர் அறைக்குப் போனான். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மோட்டார் எரிஞ்சதுக்கு ஆபரேட்டர் காரணமில்லை. நான்தான்." கரண்ட், காந்தம், டேபிள் ஃபேன், எல்லாவற்றையும் கொட்டினான்.

மானேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை நீ சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை. கேட்டா உன்னை அனுப்பணும். உன்னை அனுப்பிட்டா அந்த அலமாரியை யாரு பாப்பா? போ, வேலையைப் பாரு."

"அவளை மறுபடி மேல ஏத்தலாம்ல சார்? கேபின் இன்னும் அங்கதானே தொங்குது? ஒயரை நானே திரும்ப மாட்டிர்றேன்."

"யோவ், அந்த ரிமோட் எப்ப வந்துதுன்னு நினைக்கிற? டிரைவ் வந்த லாரியிலயே அதுவும் வந்திருச்சு. ஸ்டோர்ல பிரிக்காம கிடந்துச்சு. அப்பவே முடிவான விஷயம்."

"அப்புறம் எதுக்கு சார் ஒரு மாசம் பாப்போம்னு சொன்னீங்க?"

"திடீர்னு இறக்கினா தகராறு வரும்ல. ஒரு மாசம் பாத்தோம், முடியலைன்னு சொன்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"முடிஞ்சுதே சார். தாண்டிட்டாளே."

"அதான்யா எனக்கும் பெரிய சங்கடமாப் போச்சு," என்றார் மானேஜர், மனசு திறந்து. "என்ன சொல்லி இறக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நல்லவேளையா மோட்டார் எரிஞ்சுது." அவர் கெட்டவர் இல்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். இவன் வேண்டாம் என்று வந்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு ஒரே எண்ணம்தான். அவளிடம் சொல்லிவிட வேண்டும். நாமே கெடுத்துக்கொண்டோம் என்று தினமும் அரித்துக்கொண்டிருக்கிறாளே, அது இன்றோடு போகும். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டான். யோசிக்காமல் அவன் வாயைத் திறந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

அவள் தரையில் உட்கார்ந்து, வெந்நீரில் கையை விட்டு விரல் இடுக்கில் இருந்த மணலை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எரியாம இருந்திருந்தாலும் என்னை இறக்கியிருப்பாங்களா?"

"இறக்கித்தான் இருப்பாங்க. அதான் சொல்றேன், நாம எதையும் கெடுக்கலை. நம்ம மேல ஒரு தப்பும் இல்லை," என்றான். நல்ல செய்தி கொண்டுவந்தவன் குரலில் சொன்னான்.

அவள் கையை வெந்நீரிலிருந்து எடுக்கவில்லை.

"கேபின்ல இருந்து கக்கூஸுக்கு எறங்கிப் போயிட்டு வந்தா ரெண்டு பெட்டி போயிரும்," என்றாள். "அதனால அந்த மாசம் பூரா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கலை. அந்த உலைச் சூட்டுல. கண்ணு இருட்டிக்கிட்டு வரும், நெம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். அடிவயித்துல எரிச்சல் வந்துருச்சு, இன்னும் போகலை. உங்ககிட்ட சொன்னா மோட்டாரை மெதுவாக்கிருவீங்கன்னு சொல்லலை." அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். "அதெல்லாம் எதுக்குங்க?"